கீழக்கரை பில்லியர்ட்ஸ் மேசை: எடுத்துச் செய்யலாமா?

10 ஜனவரி: வந்த கேள்வி

"கீழக்கரையில் எங்கள் பூர்வீக வீட்டின் கீழ்க்கூடத்தில் பன்னிரண்டு அடி பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று இருக்கிறது. வாப்பாவின் தகப்பனார் காலத்தில் வந்தது. துணிக்கு அடியில் இருக்கும் கற்களில் ஒன்று இரண்டாக உடைந்திருக்கிறது. சென்னையிலிருந்து வந்து பார்த்த மெக்கானிக், 'வெட்டிச் சின்ன பூல் டேபிளாக மாற்றித் தருகிறேன், இல்லையென்றால் விறகுக்குப் போட்டுவிடுங்கள்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஊர்க் கொத்தனார் கடப்பாக் கல் வைத்தால் போதும் என்கிறார். வீட்டை விருந்தினர் விடுதியாக மாற்றுகிறோம். கோடை விடுமுறைக்குள் மேசை தயாராக வேண்டும். அண்ணன் இந்த வேலையை எடுப்பீர்களா?"

12 ஜனவரி

இப்போதைக்கு என் பதில், எடுக்க மாட்டேன் என்பதுதான். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

வளைகுடாவில் பல ஆண்டுகள் கிளப்புகளில் மேசை பூட்டும் வேலை பார்த்தேன். இப்போது உச்சிப்புளியில் கதவு, ஜன்னல், கட்டில் செய்கிறேன். புதிய மேசையைப் பூட்டுவது ஒரு வேலை. உடைந்த பழைய மேசையை எழுப்புவது முற்றிலும் வேறு வேலை. புதியதில் எல்லாத் துளைகளும் எதிரெதிரே நேராக வந்து நிற்கும். பழையதில் முன்னால் கை வைத்த ஒவ்வொருவரும் என்ன செய்துவிட்டுப் போனார் என்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஆகும் நேரத்துக்கு யாரும் கூலி கொடுப்பதில்லை.

கடற்கரை வீடு வேறு. உப்புக் காற்றில் இரும்பு நிலைக்காது, ரப்பர் நிலைக்காது, கம்பளித் துணி ஈரம் குடித்துக் கனத்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் அந்தப் பக்கத்து வீடுகளில் துவைத்த வேட்டி உலர்வதற்கே எவ்வளவு நேரம் ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

இருந்தாலும் இரண்டு விவரங்கள் வேண்டும். முழு அளவு மேசையில் ஐந்து கற்கள் குறுக்காகப் படுத்திருக்கும். பந்து வைத்து ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து எண்ணினால் உடைந்தது எத்தனையாவது? முறிவு ஒரே கோடாக ஓடுகிறதா, நொறுங்கியிருக்கிறதா?

எத்தனையாவது என்று கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் கல்லிலும் ஐந்தாம் கல்லிலும் பந்து விழும் மூலைப் பைகளுக்கான வளைவு வெட்டப்பட்டிருக்கும். மூன்றாவதில் இரண்டு பக்கமும் நடுப்பைக்கான வளைவு இருக்கும். அந்த வளைவு சற்றுப் பிசகினாலும் பந்து பையின் வாயில் நின்று ஆடிவிட்டு வெளியே வந்துவிடும். இரண்டாவதும் நான்காவதும் நேரான செவ்வகங்கள். ஓரங்களில் குஷன் (பந்து பட்டுத் திரும்பும் ரப்பர் விளிம்பு) போல்ட்டுக்கான துளைகளும், பக்கத்துக் கல்லோடு சேர்க்கும் முளைகளுக்கான துளைகளும் மட்டும்தான்.

13 ஜனவரி

படம் வந்தது. இரண்டாவது கல். முறிவு ஒரே கோடு. நேற்று எழுதிய "மாட்டேன்" இன்று "பார்க்கலாம்" ஆகிறது, அவ்வளவுதான்.

16 ஜனவரி

பொங்கல் முடிவதற்குள் இவ்வளவு பேர் எழுதிவிட்டீர்கள். கடப்பாக் கல்லைப் பற்றித்தான் பாதிப் பேர்.

கடப்பா என்பது சுண்ணாம்புக் கல். மேசைக்குப் போடும் கல் சிலேட்டு. அது களிமண் படிவு, பூமிக்குள் அழுத்தமும் வெப்பமும் பட்டு இறுகித் தகடு தகடாகப் பிளக்கும்படி ஆன கல். ஆந்திராவின் மார்க்காபூரில் வெட்டியெடுக்கும் எழுதுபலகைக் கல் சிலேட்டு. நம் வீட்டுச் சமையல் மேடையில் கிடப்பது கடப்பா. இரண்டும் கறுப்பாக இருப்பதால் ஒன்றென்று நினைக்கிறார்கள். எடையும் ஏறத்தாழ ஒன்றுதான்.

எனக்கு இருக்கும் சிக்கல் மட்டத்தில். கொத்தனார் ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றால் தளம் சரி என்பார். அந்த மட்டம் தண்ணீர் ஓடுவதற்குப் போதும், பந்து ஓடுவதற்குப் போதாது. மேசைக்கு நாங்கள் பயன்படுத்தும் இயந்திரப் பட்டறை ரசமட்டத்தில் ஒரு கோடு நகர்ந்தால், ஓர் அடி நீளத்தில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து பங்கு சரிவு என்று பொருள். மெதுவாக உருளும் பந்துக்கு அதற்கு மேல் இருந்தால் தெரிந்துவிடும். கடைசி இரண்டு அடியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து ஓடும்.

கடையில் கிடைக்கும் கடப்பா பெரும்பாலும் முக்கால் அங்குலம், ஓர் அங்குலம். பழைய முழு மேசையின் கல் ஒன்றே முக்கால் அங்குலம், சிலவற்றில் இரண்டு அங்குலம். மெல்லிய கல்லை வைத்து அடியில் மரத்துண்டு கொடுத்துத் தூக்கிவிடலாம் என்கிறார் பரமக்குடி நண்பர். மரம் மழைக்காலத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். கல் அதனோடு ஏறி இறங்கும். அப்புறம் எதற்குக் கல்?

பலகையே போதும் என்று எழுதியவருக்கு: பழைய காலத்தில் மேசைகள் பலகையில்தான் இருந்தன. பலகை வளைகிறது என்பதால்தான் லண்டனில் மேசை செய்த ஜான் தர்ஸ்டன் 1826இல் சிலேட்டுக்கு மாறினார். குஷனிலும் பஞ்சு, துணி என்று எதையெதையோ அடைத்துப் பார்த்துவிட்டு 1835 வாக்கில் ரப்பருக்கு வந்தார்கள். அது குளிரில் கட்டையாக இறுகியது. கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பருக்கு அவர் காப்புரிமை வாங்கியது 1845இல். லண்டன் குளிரில் பட்ட பாட்டை நாம் இங்கே வெயிலிலும் உப்பிலும் படுகிறோம். இந்தக் கரையில் பிளைவுட் போட்டால் ஒரு மழைக்காலம் தாங்கும். நான் போட மாட்டேன்.

19 ஜனவரி

இதே மேசையில் ஆடும் ஸ்னூக்கர் ஊட்டியில் பிறந்தது என்று இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். பிறந்தது ஜபல்பூரில், 1875இல், மழைக்காலத்தில் வேலையின்றி இருந்த ராணுவ அதிகாரிகளிடையே. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரியின் பெயரைச் சொல்வார்கள். பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லின் வேறு ஆள். அந்த ராணுவ அதிகாரி ஊட்டிக்கு வந்தபின் 1882இல் விதிகளை எழுதி ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில் ஒட்டினார்கள். ஆகவே ஊட்டிக்கும் பங்கு உண்டு, பிறந்த வீடு அது இல்லை.

கீழக்கரை மேசை ஸ்னூக்கருக்கா, பில்லியர்ட்ஸுக்கா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில். மேசை ஒன்றுதான். இரண்டு ஆட்டத்துக்கும் அதே பன்னிரண்டு அடி, அதே ஆறு பைகள். ஆடுகளம் குஷனுக்குக் குஷன் 3569க்கு 1778 மில்லிமீட்டர்.

24 ஜனவரி

போய்ப் பார்த்துவிட்டேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டின் கீழ்க்கூடம் நன்றாக இருக்கிறது. தரை கெட்டி. கடல் காற்று நேராக வரும் ஜன்னல்கள் இரண்டு. மேசையின் மேல் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். முதலில் அதை எடுக்கச் சொன்னேன். அடியில் துணி நசநசவென்று இருந்தது. மூடி வைப்பதாக நினைத்து ஈரத்தை உள்ளே அடைத்து வைத்திருக்கிறார்கள். யாராவது இப்படி வைத்திருந்தால் இன்றே எடுத்துவிட்டுப் பழைய பருத்தி விரிப்பைப் போடுங்கள்.

கேள்வி கேட்ட தம்பியின் வாப்பா அருகிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். எண்பது வயதுக்கு மேல் இருக்கும். கண் நன்றாகத் தெரிகிறது, கணக்கு அதைவிட நன்றாகத் தெரிகிறது. மேசை கொழும்பிலிருந்து வந்ததாம். தலைமன்னாரில் கப்பல் ஏற்றி, தனுஷ்கோடியில் இறக்கி, அங்கிருந்து ரயிலில். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோவதற்கு முன்பு இந்தப் பக்கத்து வணிகக் குடும்பங்களுக்கு அதுதான் வழி. அவர் அப்போது சிறுவன். "கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வைத்துக் கொண்டுவந்தார்கள், தம்பி. ஏன் என்று கேட்டதற்கு, படுத்தால் உடையும் என்றார்கள்" என்றார். சரியாகச் சொன்னார். கல்பலகையை வண்டியில் படுக்க வைத்தால் ஒரு பள்ளம் போதும்.

துணியை உருவினோம். பூச்சி தின்றது போக மிச்சம்தான் அது, வைத்துக்கொள்ள ஒன்றும் இல்லை. குஷன் ரப்பரில் நகம் இறங்கவில்லை. நல்ல ரப்பரில் நகத்தை அழுத்தினால் பள்ளம் விழுந்து உடனே எழும். எட்டுக் கால்களில் தெற்கு மூலையில் இருப்பது மட்டும் அடியில் நான்கு விரல் உயரத்துக்கு உளுத்திருக்கிறது. மற்ற மரம் எல்லாம் தேக்கு. தட்டினால் கணீரென்கிறது. குறுக்குச் சட்டங்களில் கரையான் ஏறிய தடம் இருக்கிறது, தின்ற தடம் இல்லை.

அதன்பின் கல். முதல், இரண்டாவது, மூன்றாவது, ஐந்தாவது கற்கள் ஒரே நிறம்; சாம்பலில் லேசான ஊதா. நான்காவது கல் கறுப்பு. விளிம்பில் விளக்கைப் பிடித்தால் மற்றவற்றில் மெல்லிய தகடு தகடான வரிகள் தெரிகின்றன, இதில் இல்லை. அடியில் குனிந்து சற்றுச் சுரண்டி எலுமிச்சைச் சாறு விட்டேன். பொரிந்தது. கடப்பா மேடையில் புளியோ எலுமிச்சையோ சிந்தினால் வெள்ளையாகத் தடம் விழுமே, அதே காரணம். மற்ற நான்கிலும் ஒன்றும் ஆகவில்லை.

பெரியவரைப் பார்த்தேன். "அந்தக் கல் கப்பலிலேயே உடைந்துவிட்டது. இங்கே ஒருவர் மாற்றிக் கொடுத்தார்" என்றார். மாற்றிக் கொடுத்த கல்லின் மேல்தான் இவ்வளவு காலமும் ஆடியிருக்கிறார்கள்.

இப்போது உடைந்த கல்லுக்கு வருகிறேன். சென்னை மெக்கானிக் யாரோ மேசை மேல் ஏறி நின்றதால் உடைந்தது என்று சொல்லியிருக்கிறார். குடும்பத்திலும் அதே நம்பிக்கை. மூத்த மகன் சிறுவயதில் பட்டம் எடுக்க ஏறினார் என்று அந்தப் பழி அவர் மேலேயே நின்றுவிட்டது. முறிவின் இரண்டு முனைகளையும் பார்த்தேன். ஒரு முனை முதல் கல்லோடு சேரும் முளைத்துளையில் தொடங்குகிறது. துளைக்குள் முளை இருக்கிறது. அது பித்தளையாக இருக்க வேண்டும். இருப்பது இரும்புக் கம்பி. துரு ஏறி ஊதி, துளையின் விளிம்பைச் சில்லாகத் தள்ளியிருக்கிறது. இரும்பு துருவாகும்போது இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் கேட்கும். கல்லுக்குள் அதற்கு இடம் ஏது? பாம்பன் பக்கம் பழைய கான்கிரீட் தூண்கள் கம்பி ஊதி வெடிப்பதைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இல்லை.

தனுஷ்கோடியில் இறக்கிக் கொண்டுவந்து பூட்டியபோது பித்தளை முளைகள் தொலைந்திருக்க வேண்டும். கைக்குக் கிடைத்த கம்பியை வெட்டிப் போட்டிருக்கிறார்கள். இதைப் பெரியவரிடம் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு மூத்த மகனுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுத் தரச் சொன்னார்.

25 ஜனவரி

புவியியல் படித்தவர் ஒருவர் எழுதியிருப்பதை எல்லோரும் படியுங்கள். இத்தாலியில் லிகூரியாப் பகுதியிலிருந்து வரும் மேசைச் சிலேட்டில் சுண்ணாம்பு கலந்திருக்கும். அதிலும் அமிலம் விட்டால் பொரியும். ஆகவே எலுமிச்சை ஒன்றை வைத்துக்கொண்டு கடப்பா என்று முடிவு கட்டக் கூடாது என்கிறார். ஏற்றுக்கொள்கிறேன், நல்ல விளக்கம். இந்த மேசையைப் பொறுத்தவரை நிறம், விளிம்பின் வரி, இங்கே மாற்றியதாகப் பெரியவர் சொன்னது எல்லாம் சேர்ந்து வருவதால் நான்காவது கடப்பாதான். ஆனால் வீட்டில் மேசை வைத்திருக்கும் மற்றவர்கள் எலுமிச்சையோடு கிளம்ப வேண்டாம்.

28 ஜனவரி

வெட்டிப் பூல் மேசையாக்குவது பற்றி. தம்பி மறுபடியும் கேட்டிருக்கிறார். வரும் விருந்தினருக்குப் பூல்தான் தெரியும் என்கிறார். நியாயமான கவலை. ஆனாலும் வெட்டும் வேலைக்கு நான் வர மாட்டேன்.

ஒன்பது அடிப் பூல் மேசையின் ஆடுகளம் நூறு அங்குலத்துக்கு ஐம்பது அங்குலம். உங்கள் மேசையில் ஆடுகளத்தின் அகலம் மட்டும் எழுபது அங்குலம். நீளத்தைக் குறைக்க ஒரு கல்லைக் கழற்றினால் மட்டும் போதாது. ஒவ்வொரு கல்லையும் அகலத்தில் இருபது அங்குலம் அறுக்க வேண்டும். அறுத்தால் ஓரத்தில் ஈயம் ஊற்றிப் பதித்த நட்டுகள் எல்லாம் போய்விடும். ஆங்கில மேசையில் குஷன் போல்ட் பக்கவாட்டில் கல்லின் விளிம்புக்குள் இறங்குகிறது. பூல் மேசையில் அடியிலிருந்து மேலே ஏறுகிறது. மூலைப் பையின் வளைவு வேறு, சட்டம் வேறு, குஷனின் வடிவம் வேறு. கடைசியில் பழைய மேசையில் மிஞ்சுவது கால்கள்தான். கால்களுக்காக ஒரு மேசையை அறுப்பதா? அந்தச் செலவில் ஓர் அங்குலக் கல் போட்ட புதிய பூல் மேசையே வாங்கிவிடலாம்.

இதே மேசையில் பூல் பந்துகளைப் போட்டு ஆடலாமே என்று தொண்டியிலிருந்து ஒருவர். ஸ்னூக்கர் பந்து 52.5 மில்லிமீட்டர், பூல் பந்து 57.15. பூல் மேசையில் குஷனின் மூக்கு பந்தின் உயரத்தில் ஏறத்தாழ அறுபத்து மூன்றரை விழுக்காட்டில் இருக்க வேண்டும், அதாவது மேசைப் பரப்பிலிருந்து 36 மில்லிமீட்டர் சொச்சம். சிறிய பந்துக்காக அமைத்த குஷன் அதைவிடத் தாழ்வு. பெரிய பந்து வேகமாகப் போய் அதில் பட்டால் துள்ளும். விருந்தினரின் குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அது வேண்டாம்.

விருந்தினருக்கு ஆட்டம் தெரியாவிட்டால் சொல்லிக்கொடுங்கள். பெரியவரே சொல்லிக்கொடுப்பார். 1958இல் கல்கத்தாவில் நம் நாட்டு வில்சன் ஜோன்ஸ் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றதை இன்றும் நேற்று நடந்ததாகச் சொல்கிறார். அவர் கையில் கோலைக் கொடுத்துப் பாருங்கள், நான் பார்த்தேன். இடது கை துணியில்லாத கல்லின் மேல் தானாகப் போய்க் கோலைத் தாங்கப் பாலம் போட்டது.

29 ஜனவரி

மேசையை மச்சுக்கு ஏற்ற முடியுமா, அங்கிருந்து கடல் தெரியும் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. முடியாது. கல் ஒன்று 170 கிலோவுக்குக் குறையாது. ஐந்து கற்களும் தேக்குச் சட்டமும் சேர்ந்து ஒரு டன்னைத் தாண்டும். அந்த மச்சு தேக்கு உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட பழைய தளம். உத்திரத்தின் முனைகள் சுவருக்குள் எப்படி இருக்கின்றன என்று யாரும் பார்த்ததில்லை. கீழ்க்கூடம்தான்.

2 பிப்ரவரி

கடப்பாவைப் பற்றி நான் எழுதியதைத் திருப்பிப் போட்டு நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள்: நான்காவது கல் கடப்பாவாக இருந்தும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்திருக்கிறதே, அப்படியானால் இரண்டாவதும் கடப்பாவாகவே போடலாமே?

எனக்கும் அந்தக் கேள்வி இருந்ததால் இன்று ரசமட்டத்தோடு மறுபடி போனேன். நான்காவது கல்லின் நீளம் முழுக்க வைத்துப் பார்த்தேன். நடுவில் மிக மெல்லிய பள்ளம், தாள் ஒன்று நுழையும். மற்றபடி தட்டை. கனத்தை அளந்தால் மற்ற கற்களோடு மயிரிழை வித்தியாசம். அந்தக் காலத்தில் யாரோ ஒருவர் கனமான பாளத்தைக் கொண்டுவந்து, கையால் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அடிப்புறத்தில் உளித்தடம் அப்படியே இருக்கிறது. மேல்புறத்தில் ஒன்றுகூட இல்லை. பழைய ஜும்மா பள்ளிவாசலின் கல்தூண்கள் நிற்கும் ஊரில் அப்படி ஒரு கை இருந்தது வியப்பில்லை. போல்ட் துளைகளுக்கு ஈயம் ஊற்றியிருக்கும் சுத்தத்தைப் பார்த்து நான் நீண்ட நேரம் அங்கேயே குந்தியிருந்தேன்.

ஆகவே என் கருத்து இப்போது இப்படி நிற்கிறது. கடப்பா ஆகாது என்று சொல்ல மாட்டேன். ஒன்றே முக்கால் அங்குலக் கனம், இயந்திரத்தில் அரைத்துத் தட்டையாக்கிய மேற்பரப்பு, ஈயம் ஊற்றிய துளை, இவை இருந்தால் அது மேசையில் உட்காரும். கடையில் வாங்கிய மேடைக்கல் உட்காராது. நான்காவது கல்லை மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் நான் சம்மதிக்க மாட்டேன். அது இந்த மேசையின் கல்.

உடைந்த இரண்டாவதை ஒட்ட முடியுமா என்பது அடுத்தது. முறிவு சுத்தமாக இருப்பதால் முடியும். மெதுவாக இறுகும் எப்பாக்சி பசை, இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் கவ்விகள், அடியில் முறிவுக்கு நேராகப் புதிதாக ஒரு குறுக்குச் சட்டம். மேலே பிதுங்குவதைத் தகட்டால் வழித்து, தேய்த்து விடலாம். ஆனால் முளைத்துளையின் பக்கம் சில்லாகப் போன இடத்தை எப்பாக்சியால் கட்ட வேண்டியிருக்கும், அங்கேதான் முளையின் பிடிப்பும் வர வேண்டும். பழைய மேசை எங்காவது கலைக்கப்பட்டு அதே கனத்தில் ஒரு கல் கிடைத்தால் அதுவே மேல். கிடைக்காவிட்டால் ஒட்டுவேன்.

4 பிப்ரவரி

கல் சேரும் மூட்டுகளை எதனால் நிரப்புவது என்று சண்டை பிடிக்கிறீர்கள். தேன்மெழுகு நல்லதுதான், மறுபடி பிரிக்கவும் எளிது. ஆனால் சித்திரை வெயிலில் இந்த ஊர்க் கூடத்தில் அது இளகும். பாரிஸ் சாந்து ஈரத்தில் உதிரும். நான் கார் பெயின்ட் கடைகளில் கிடைக்கும் பட்டிதான் போடுவேன். இறுகினால் ஈரமும் வெயிலும் அதற்கு ஒன்றுதான். வருங்காலத்தில் பிரிப்பவர் என்னைத் திட்டுவார் என்கிறார் மதுரைக்காரர். மூட்டில் பட்டி போடும் முன் விளிம்பில் மெல்லிய மெழுகுப் பூச்சு கொடுத்தால் பிரியும், ஐயா.

குளிர்சாதனம் வைத்தால் எல்லாம் தீரும் என்பவருக்கு: விருந்தினர் வரும்போது போட்டு, போனதும் அணைத்தால் அது இன்னும் கெடுதல். குளிர்ந்த கல்லின் மேல் வெளிக்காற்று பட்டதும் வியர்க்கும். ஒரே சீராக இருக்கும் காற்றே மேல். போட்டி நடக்கும் மேசைகளுக்கு அடியில் வெப்பமூட்டிகள் வைத்துத் துணியை உலர்வாக வைத்திருக்கிறார்கள். இந்த வீட்டில் அது வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் துணியைத் துலக்கி, மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கினால் போதும்; துணியின் மயிர் படிந்திருக்கும் திசையில், ஆட்டம் தொடங்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக மட்டும். கடல் பக்க ஜன்னல்களை மாலையில் சாத்திவிட வேண்டும்.

9 பிப்ரவரி

எடுக்கிறேன்.

கல்லைப் பார்த்து நான் முடிவு செய்யவில்லை. அது ஏன் உடைந்தது என்று தெரியாமல் இருந்திருந்தால் எவ்வளவு கூலி கொடுத்தாலும் தொட்டிருக்க மாட்டேன். தரை இறங்கியிருந்தாலோ சட்டம் முறுக்கியிருந்தாலோ புதுக் கல்லும் அதே இடத்தில் உடையும். இங்கே தரை நிற்கிறது, சட்டம் நிற்கிறது. குற்றம் முழுவதும் இரும்பில். அதை எடுத்துவிட முடியும்.

வாப்பாவிடமும் மகனிடமும் சேர்த்து வைத்துச் சொன்ன நிபந்தனைகளை இங்கேயும் எழுதிவிடுகிறேன், பிறகு பேச்சு மாறக் கூடாது. மேசையை வெட்டுவதில்லை. மச்சுக்கு ஏற்றுவதில்லை. இரும்பு முளைகள் அத்தனையும் துளைபோட்டு எடுக்கப்படும். உடையாத கற்களில் இருப்பவையும்தான், அவையும் ஒருநாள் ஊதும். முளைகள் பித்தளை, போல்ட்டுகள் கடல் நீர் தாங்கும் எவர்சில்வர். துணிக்கும் ரப்பருக்கும் மலிவானது கேட்கக் கூடாது. உளுத்த காலுக்கு அதே தேக்கில் அடிமுட்டு ஒட்டி, எட்டுக் கால்களுக்கும் கீழே கல் தட்டு வைப்பேன். மரம் தரையைத் தொடாது.

தம்பிக்கு ஒன்றில் மட்டும் வருத்தம். கோடை விடுமுறை தொடங்கும்போது மேசை தயாராக இருக்காது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அப்போதுதான் கரையில் ஆள் கிடைக்கும். கல்லைத் தூக்க எனக்கு உடல் பலம் மட்டும் போதாது. ஒரே குரலுக்கு ஒன்றாகத் தூக்கி ஒன்றாக நிறுத்தத் தெரிந்தவர்கள் வேண்டும். படகு தள்ளிப் பழகியவர்களிடம் அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. அவர்களுக்கும் வருமானம் இல்லாத நாட்களில் ஒரு கூலி. கச்சான் காற்று வலுத்து மணலை வாரிக் கொண்டுவருவதற்குள் துணி விரித்து முடித்துவிட வேண்டும். ஆகவே சித்திரை பிறந்ததும் கல்லை இறக்குவோம். அதற்கு முன் குஷன்களை மட்டும் உச்சிப்புளிக்குக் கொண்டுவந்து பழைய ரப்பரை உரிக்கிறேன்.

கூலியைக் கேட்டுப் பலர் தனியாக எழுதுகிறீர்கள். அதை அந்த வீட்டோடு பேசிவிட்டேன். துணியும் ரப்பரும் அவர்கள் நேரடியாக வாங்கிக் கொடுக்கிறார்கள், என் கை வேலைக்கு மட்டும் எனக்கு. பார்க்கப் போன நாட்களுக்கும் சேர்த்துத்தான்.

9 பிப்ரவரி, இரவு

ஒன்றை விட்டுவிட்டேன். ECR வழியாகச் சென்னையிலிருந்து ராமநாதபுரம் வரும் லாரி ஒன்று எனக்குப் பழக்கம். கல்லை நிறுத்தி வைத்துக் கட்டிக் கொண்டுவரத் தெரிந்த ஓட்டுநர். சென்னையிலோ மதுரையிலோ பழைய முழு அளவு மேசை கலைப்பவர் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் கேட்டுச் சொல்லுங்கள். எனக்கு வேண்டியது இரண்டாவது அல்லது நான்காவது கல். கனம் ஒன்றே முக்கால் அங்குலம். அதற்குக் கூடினால் பரவாயில்லை, அரைத்துக்கொள்ளலாம், குறைந்தால் வேண்டாம். அகலம் இரண்டடி ஐந்து அங்குலம், நீளம் ஆறடி இரண்டு அங்குலம், இரண்டிலும் குறையக் கூடாது. விளிம்பில் இரும்பு முளை இருந்தால் அதைப் பிடுங்க வேண்டாம், அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். பங்குனி முடிவதற்குள் பதில் வந்தால் நல்லது. அதற்குப் பிறகு உடைந்ததை ஒட்டத் தொடங்கிவிடுவேன்.